செருப்பைக் கழற்றியது யார்?

(கீழச்சிவல்பட்டியில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மனிதருக்கு உண்மையிலேயே சுயவிருப்பம் உண்டா?' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தத்துவ வகுப்பில் இதை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கிருந்து தொடங்கப் போவதில்லை. ஒரு ஜோடி செருப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஆய்வு உதவித்தொகை முதல் தடவையாகக் கைக்கு வந்த மாதம் என் அப்பத்தாவுக்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்தேன். எழுபது வயதைத் தாண்டியிருந்த அவளுக்கு அதுதான் முதல் செருப்பு. வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு ரேஷன் கடைக்குப் புறப்பட்டோம். எங்கள் தெரு முடிந்து ஊர்த்தெரு தொடங்கும் திருப்பம் வந்ததும், அப்பத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவில் ஆள்கூட இல்லை. இது எந்த ஊர் என்பது முக்கியமில்லை. இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

"ஏன் அப்பத்தா கழட்டுற? யாரு கழட்டச் சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? நானாத்தேன் கழட்டுறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இது அடிமைப் புத்தி" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அம்பேத்கரையும் பெரியாரையும் புதிதாகப் படித்திருந்த வேகம். அவள் பதில் பேசவில்லை. சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் புரிதலைத்தான் இன்று உங்களோடு பகிர வந்திருக்கிறேன்.

'நானாகத்தான் கழற்றுகிறேன்' என்றாள். உண்மையில் அந்தச் செருப்பைக் கழற்றியது யார்?

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டமும் அப்போது அதற்குள்தான் இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் 'இந்தியாவில் சாதி' என்ற தன் நூலில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. சட்டையோ பனியனோ போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவதாக, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது.

இவற்றை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை, கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

அப்பத்தா பிறந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அவளுடைய அம்மா இதை நேரில் பார்த்திருக்க வேண்டிய தலைமுறை. எரிந்த குடிசையைப் பார்த்த தாய், மகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பாள்? 'அந்தத் திருப்பத்துல காலு வெறுங்காலா இருக்கணும்' என்பதைத்தான். முதல் தலைமுறைக்குத் தீ வைக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைக்கு அதட்டல் போதும். அதற்கடுத்த தலைமுறைக்கு அதுவும் வேண்டாம், கால் தானாகவே நின்றுவிடும். சாதியின் பெரிய வெற்றி இதுதான். தான் போட்ட உத்தரவை, அதற்குக் கீழ்ப்படிபவரின் சொந்த விருப்பம்போல் ஆக்கிவிடுகிறது.

நரம்பியலில் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டது. தோன்றும்போது கையை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று இந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கை அசைவதற்கு அரை நொடிக்கும் சற்று முன்னதாகவே மூளையில் அதற்கான மின் ஆயத்தம் தொடங்கிவிட்டது. 'அசைக்கலாம்' என்ற எண்ணமோ, அசைவுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடிக்கு முன்புதான் வந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் முடிவெடுத்தது நானா, என் மூளையா என்ற விவாதம் கிளம்பியது. அந்தச் சோதனைக்கு இப்படிப் பொருள் சொல்வது சரியா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், விவாதம் இன்னும் முடியவில்லை. நமக்கு அரை நொடிக் கணக்கு போதாது. அப்பத்தாவின் கால் நின்றதற்கான ஆயத்தம் அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுயவிருப்பம் உண்டா இல்லையா என்ற கேள்விக்குச் சாதிச் சமூகம் ஒரே பதிலைச் சொல்வதில்லை. இடத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறது.

சாக்கடைக்குள் ஒருவர் இறங்கி மூச்சுத் திணறி இறந்தால், "அவரா விரும்பித்தான் இறங்கினார், காசு கேட்டு வந்தார்" என்கிறார்கள். கோயிலுக்கு வெளியே நிற்பவரைப் பார்த்து, "நாங்க தடுக்கலை, அவங்களாவே உள்ள வர்றதில்லை" என்கிறார்கள். துக்கம் சொல்லப் போகிறவரை, பறையடிக்கப் போகிறவரை, "அவங்க வழக்கம், அவங்க விருப்பம்" என்கிறார்கள். கட்டாயம் இருக்கும் இடத்தில் எல்லாம் விருப்பத்தைப் பார்க்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, படித்தவள், வேலைக்குப் போகிறவள், வேறு சாதிப் பையனை விரும்புகிறேன் என்று சொல்கிறாள். இது முழுக்க முழுக்க விருப்பம் சார்ந்த செயல். இங்கே மட்டும் என்ன சொல்கிறார்கள்? "மயக்கிட்டான்", "நாடகக் காதல்", "அவளுக்கு என்ன தெரியும்". விருப்பம் இருக்கும் இடத்தில் விருப்பமே இல்லை என்கிறார்கள்.

உழைப்பைச் சுரண்ட வேண்டுமா, உனக்குச் சுயவிருப்பம் உண்டு. சாதி மீறித் திருமணம் செய்ய வேண்டுமா, உனக்குச் சுயவிருப்பம் கிடையாது. தத்துவப் பேராசிரியர்களுக்கு அகப்படாத விடையை நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் இப்படி எளிதாகக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன!

இந்த இரண்டு பொய்களையும் நம் உச்ச நீதிமன்றம் தனித்தனியாகத் தொட்டிருக்கிறது. தில்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் நீதிபதி பி. என். பகவதி எழுதிய தீர்ப்பு ஒன்று. சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசியும் வறுமையும் வேறு வழி விடாததால்தான் செய்கிறார். அதுவும் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு. கழுத்தில் கத்தி வைத்தால்தான் கட்டாயம் என்றில்லை, வயிற்றில் பசி வைத்தாலும் கட்டாயம்தான். இன்னொன்று, 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் வந்தது. வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தால், அவர்களுடைய சம்மதம் போதும். குடும்பத்தின் சம்மதமோ சாதிக் கூட்டத்தின் சம்மதமோ தேவையில்லை.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விருப்பம் என்பது மண்டைக்குள் இருக்கிறதா இல்லையா என்று அவை தேடவில்லை. அந்த மனிதர் 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்க்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பொய்யும் உண்டு, தகுதி என்ற பொய். "நான் உழைச்சேன், முன்னேறினேன். நீ உழைக்கலை. எல்லாம் அவனவன் கையில" என்பார்கள். இதைப் பேச இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால் பக்கத்தில்தான் மகிபாலன்பட்டி இருக்கிறது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் அதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் ஊர். புறநானூற்றின் 192-ஆம் பாட்டு அவருடையது. அதன் முதல் வரியை மேடைதோறும் சொல்கிறார்கள், சுவர்தோறும் எழுதுகிறார்கள். கடைசி வரிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்தப் பாட்டு சுயவிருப்பத்தைப் பற்றிய பாட்டுதான். மலையில் பெய்த மழை பேராறாகிப் பாறைகளில் மோதி ஓடுகிறது, அதில் ஒரு தெப்பம் மிதந்து போகிறது, உயிரின் போக்கும் அப்படித்தான் என்கிறார். தெப்பம் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கவில்லை. சரி, இதிலிருந்து அவர் எந்த முடிவுக்கு வருகிறார்? ஆகவே பெரியவர் என்று யாரையும் பார்த்து வியக்க மாட்டோம், சிறியவர் என்று யாரையும் இகழ்வது அதைவிடவும் செய்ய மாட்டோம் என்கிறார்.

இதே அடிப்படையை எடுத்துக்கொண்டு வர்ணக் கோட்பாடு எங்கே போகிறது பாருங்கள். 'எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. நீ போன பிறவியில் செய்தது இது. ஆகவே நீ இழிந்தவன், நான் உயர்ந்தவன், இருவருக்கும் இது தகும்.' ஒரே ஆறு, ஒரே தெப்பம். ஒருவர் அதைப் பார்த்து எல்லோரும் சமம் என்கிறார், இன்னொருவர் அதைப் பார்த்து நீ கீழே என்கிறார். கர்மக் கோட்பாடு ஏமாற்றும் இடம் இதுதான். விதி என்று சொல்லிவிட்டு, அந்த விதிக்கும் உன்னையே பொறுப்பாக்குகிறது. உன் நிலத்தைப் பிடுங்கியவன் பொறுப்பில்லை, நினைவில் இல்லாத ஒரு பிறவியில் நீ செய்ததாகச் சொல்லப்படுவது பொறுப்பு. அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதை நேராகவே பிடிக்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கவே முற்பிறவிக் கர்மம் பயன்படுகிறது என்கிறார்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நானும் இரவெல்லாம் படித்தேன், உழைத்தேன். ஆனால் நான் படிக்கும்படி சத்துணவு இருந்தது, ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரு பாய் போட இடம் இருந்தது, இட ஒதுக்கீடு இருந்தது, உதவித்தொகை இருந்தது. என்னோடு அதே வகுப்பில் இருந்த, என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருவன் இன்று திருப்பூரில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறான். அவன் அப்பாவுக்கு நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கால் போயிற்று. என் அப்பாவுக்குப் போகவில்லை. இதில் என் தகுதி எது? எனக்கே இப்படி என்றால், மூன்று தலைமுறை நிலமும் வட்டியும் வக்கீல் படிப்பும் இருக்கிற வீட்டில் பிறந்தவர் 'என் உழைப்பு' என்று மார்தட்ட என்ன இருக்கிறது?

இப்போது நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

முதல் கேள்வி. எல்லாவற்றுக்கும் காரணங்கள் உண்டு என்றால், கொலை செய்தவனும் அப்படித்தானே? 2018 மே 28 இரவு நம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயில் மரியாதை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது என்றெல்லாம் காரணங்கள் பேசப்பட்டன. 2022 ஆகஸ்டில் இருபத்தேழு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 'அவர்களை அப்படி வளர்த்துவிட்டார்கள், பாவம்' என்று விட்டுவிடலாமா?

விட முடியாது. காரணத்தைக் கண்டறிவது வேறு, மன்னிப்பது வேறு. மனிதர் வெறும் தெப்பமாக இருந்தால்கூட, கேட்கும் காதுள்ள தெப்பம். தண்டனை உண்டு என்று தெரிந்தால் ஓங்கிய கை யோசிக்கும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வானத்திலிருந்து விழுந்த அறநெறி அல்ல, ஆற்றின் நடுவே நாம் கட்டிய அணை. ஆதிக்க சாதி இளைஞனின் மனதை உருவாக்கும் காரணங்களில் ஒன்றாக அந்தச் சட்டமும் இருக்க வேண்டும். அதனால்தான் அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்கிறோம்.

காரணங்களைத் தேடினால் பொறுப்பு குறையாது, விரியும். அரிவாள் பிடித்தவனோடு நிற்காது. பதினாறு வயதில் அவன் கையில் சாதிக் கயிறு கட்டியவர், திருவிழாவில் முதல் மரியாதையை உரிமை என்று சொல்லிக் கொடுத்தவர், வாட்ஸ்அப்பில் வீரப் பாட்டு அனுப்பியவர், புகார் கொடுக்கப் போனவரைச் சமாதானம் பேசி அனுப்பியவர் என எல்லோரிடமும் போகும். 'அவன் தனி ஆளாகச் செய்தான், அவன் விருப்பம்' என்று சொல்வதுதான் இவர்கள் எல்லோருக்கும் வசதி.

இரண்டாவது கேள்வி. எல்லாம் காரணப்படி நடக்கும் என்றால் ஏன் போராட வேண்டும்?

புத்தர் காலத்தில் இதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆசீவகர்களின் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் ஓர் உவமையைத் தருகின்றன. நூற்கண்டை வீசினால் நூல் தீரும்வரை அது பிரிந்துகொண்டே போகும், அதுபோல உயிர்கள் தம் கணக்கு முடியும்வரை ஓடித்தான் தீரும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. இதைச் சொல்வது அவர்களின் எதிர்த்தரப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். எப்படியானாலும் புத்தர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. காரண காரியத்தைப் பேசிய புத்தர், விதியை ஏன் மறுத்தார்? இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான். 'நீ என்ன செய்தாலும் நடப்பது நடக்கும்' என்பது விதி. 'காரணம் இருந்தால்தான் காரியம் நடக்கும்' என்பது காரணவாதம். பின்னதில் உன் முயற்சியும் ஒரு காரணம். நீ நோட்டீஸ் ஒட்டாவிட்டால் கூட்டம் நடக்காது. கூட்டம் நடக்காவிட்டால் அங்கே வந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணின் காதில் ஒரு சொல் விழாது.

1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில் அம்பேத்கர் என்ன அறிவித்தார்? இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். சுயவிருப்பம் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. எது கையில் இல்லை, எதைக் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்று அதில் கோடு கிழித்துவிட்டார். அந்த விருப்பம் நிறைவேற இருபத்தொரு ஆண்டுகள் ஆயின. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் தனியாகப் பௌத்தம் ஏற்கவில்லை, லட்சக்கணக்கானவர்களோடு ஏற்றார். அதன்பின் அவர் வாழ்ந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. சொன்னபடியே இந்துவாகச் சாகவில்லை. ஆனால் அது அவர் மண்டைக்குள் மட்டும் நடந்த முடிவு இல்லை. இத்தனை பேர் சேர்ந்து நிற்கும்படி ஒரு களத்தை உருவாக்கிய பிறகுதான் அந்த முடிவுக்கு உயிர் வந்தது.

இனி அப்பத்தாவிடம் திரும்பி வருகிறேன். ரேஷன் கடையிலிருந்து திரும்பிய அன்று இரவு, நான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"தம்பி, நீ மாசத்துல ரெண்டு நாளு வர்ற. செருப்போட நடந்துட்டு பஸ் ஏறிப் போயிருவ. மறுநாளு அந்தத் தெருவுல நான் தானே நடக்கணும்? களை எடுக்கக் கூப்பிடுறதும் அவுகதேன், அவசரத்துக்கு நூறு எறநூறு தர்றதும் அவுகதேன்."

அதைச் சொன்ன கிழவிக்கா சுயவிருப்பம் இல்லை? அடிமைப் புத்தியா அது? கணக்குப் போட்டிருக்கிறாள். செருப்புக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று நிறுத்துப் பார்த்து, இருக்கிற வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவளிடம் விருப்பம் இருந்தது, வழிகள்தான் இல்லை. நான் அதே தெருவில் செருப்போடு நடக்க எனக்கு ஆன செலவு சுழியம். அவளுக்கு ஆகக்கூடிய செலவு ஒரு வருஷத்து வேலை. ஒரே செயலுக்கு இரண்டு விலை. விலை மலிவாகக் கிடைத்த நான், விலை கொடுக்க முடியாத அவளைப் பார்த்துக் 'கோழை' என்று சொல்லியிருக்கிறேன்.

முற்போக்காளர்களான நாம் அடிக்கடி செய்கிற தவறு இது. ஒடுக்கப்பட்டவர் ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்கிறோம். எதிர்த்தால் மறுநாள் காலையில் அவருக்கு என்ன நடக்கும் என்று கேட்பதில்லை.

எனவே தலைப்புக்கு என் பதில் இதுதான். காரணங்களுக்கு வெளியே நின்று முடிவெடுக்கும் ஆன்மா ஒன்று நமக்குள் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது. 'மாட்டேன்' என்று சொல்ல ஆகும் விலைதான் அதன் அளவுகோல். கூலி உயர்ந்தால், நிலம் கிடைத்தால், ஊரக வேலைத் திட்டச் சம்பளம் யார் கையையும் எதிர்பார்க்காமல் வங்கிக் கணக்கில் விழுந்தால், காவல் நிலையத்தில் புகாரை வாங்கினால் அந்த விலை குறையும். சாதி அந்த விலையை ஏற்றும். நம் வேலை அதைக் குறைப்பது.

விலையைக் குறைக்க இன்னொரு வழி, அதைப் பலபேர் பங்கிட்டுக்கொள்வது. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தடை செய்யப்பட்ட தெருவை நோக்கி மூன்று பேர் நடந்தார்கள், கைதானார்கள். அடுத்தடுத்த நாட்களில் வேறு சிலர் நடந்தார்கள். பெரியார் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் ஆயிரக்கணக்கானோர் அம்பேத்கரோடு நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது, ஆனால் ஒரே தலையில் விழவில்லை. தனி ஆளாக ஒருவரால் எடுக்க முடியாத முடிவைக் கூட்டமாக எடுக்க முடிகிறது. அந்தக் கூட்டத்துக்குத்தான் இயக்கம் என்று பெயர்.

அப்பத்தா இப்போது இல்லை. அந்தச் செருப்பு வீட்டில் இருக்கிறது, அடி தேயவே இல்லை. அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் நான் செய்திருக்க வேண்டியது அவளைத் திட்டுவது அல்ல. என் வயதுப் பையன்களையும் பெண்களையும் பத்துப் பேராவது திரட்டிக்கொண்டு, அவளோடு அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும். ஒருநாள் மட்டுமல்ல, தினமும்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு திருப்பம் இருக்கும். எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஜெய்பீம்.